சைக்காலஜி எடுக்கப் போறீங்களா? அப்போ முதல்ல ஒரு கால்குலேட்டர் வாங்கிக்கோங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து தெரிஞ்ச பசங்க, தெரிஞ்சவங்க பசங்க, எங்க ஸ்கூல்ல படிச்சிட்டு போனவங்கன்னு எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "அக்கா, பிஎஸ்சி சைக்காலஜி எடுக்கலாமா, எப்படி இருக்கும்?" தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிக்கிச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன். நான் சென்னைல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி, அப்புறம் எம்எஸ்சி முடிச்சேன், இப்போ ஸ்கூல் கவுன்சிலரா இருக்கேன். இன்னொரு காலேஜ்ல கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம், ஆனா சிலபஸ் பெரும்பாலும் ஒரே குட்டைல ஊறின மட்டைதான்.

மூணு வருஷத்துல யாரையும் குணப்படுத்த கத்துத்தர மாட்டாங்க. அளக்கத்தான் கத்துத்தருவாங்க. இதை தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா கோர்ஸ் பிடிக்கும், தெரியாம போனா ரெண்டாவது செமஸ்டர்லயே "நான் நெனச்சது இது இல்லையே"ன்னு மூஞ்சி தொங்கிடும், என் க்ளாஸ்ல பாதி பேருக்கு அப்படித்தான் ஆச்சு.

முதல் வாரமே வூண்ட் வந்துடுவாரு. 1879, ஜெர்மனி, லைப்ஸிக், அவர் ஆரம்பிச்ச முதல் சைக்காலஜி லேப். எல்லாரும் நோட்டுல எழுதிட்டு கோடு போட்டுட்டு மறந்துடுவாங்க. ஆனா அந்த லேப்ல என்ன பண்ணாங்கன்னு பாத்தீங்கன்னா, சத்தம் கேட்டதுல இருந்து கை அசையறதுக்குள்ள எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கணக்கு எடுத்துட்டு இருந்தாங்க. சோஃபால படுக்க வச்சு கனவு கேக்கற ஆளு ஃப்ராய்ட், அவரு பர்சனாலிட்டி பேப்பர்ல ஒரு யூனிட்டுக்குள்ள வந்துட்டு போயிடுவாரு. அவரை நம்பி சேந்தவங்களுக்கு பாவம் ஏமாற்றம்தான். (அதே மாதிரி "என் மனசுல இப்ப என்ன இருக்கு சொல்லு"ன்னு கல்யாண வீட்ல கேக்கற மாமாக்கள் மூணு வருஷமும் வருவாங்க. அதுக்கு சிலபஸ்ல பதில் கிடையாது, சிரிச்சிட்டு பந்திக்கு போயிடுங்க.)

சரி, கால்குலேட்டர் மேட்டர். மேத்ஸ் பிடிக்காம, காமர்ஸும் வேணாம்னு, "சைக்காலஜின்னா கதை மாதிரி இருக்கும்"னு வர கூட்டம் ரொம்ப பெருசு. அவங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் வச்சிருக்காங்க. மீன், மீடியன்ல ஆரம்பிச்சு ஸ்டாண்டர்ட் டீவியேஷன், கோரிலேஷன், டி டெஸ்ட், கை ஸ்கொயர், அனோவா வரைக்கும் போகும். பயப்பட ஒண்ணும் இல்ல, பத்தாவது கணக்கு தெரிஞ்சா போதும், ஆனா கையால போடணும், எக்ஸாம்ல புக்கு பின்னாடி இருக்கற டேபிள் பாத்து "நல் ஹைப்பாதிஸிஸ் ரிஜெக்டட்"னு, அதாவது வித்தியாசமே இல்லைங்கற ஊகத்தை ஒதுக்கியாச்சுன்னு, எழுதணும். இந்த பேப்பரை ஒப்பேத்திட்டு போறவங்கதான் எம்எஸ்சி தீஸிஸ் டைம்ல யாராவது எஸ்பிஎஸ்எஸ்ங்கற சாஃப்ட்வேர்ல கணக்கு போட்டுத் தருவாங்களான்னு காசு கையில வச்சிக்கிட்டு அலைவாங்க. என்னைக் கேட்டா மத்த பேப்பர்ல மார்க் குறைஞ்சாலும் பரவால்ல, இதை ஒழுங்கா படிங்க. ஏன்னா ஐக்யூ 85ன்னு ஒரு ரிப்போர்ட் உங்க கைக்கு வரும்போது, சராசரி 100, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரில இருந்து எவ்ளோ சிதறி இருக்குங்கற அளவு, சுருக்கமா எஸ்டி) 15, அப்போ இந்த புள்ள ஒரே ஒரு எஸ்டி கீழ இருக்கு, நூத்துல பதினாறு பேரு இந்த இடத்துலயோ இதுக்கு கீழயோதான் இருப்பாங்கன்னு உடனே தலைக்குள்ள ஓடணும். ஓடலைன்னா "உங்க பையன் மந்தம்"னு அம்மாகிட்ட வாய் கூசாம சொல்லிடுவீங்க. அப்படி சொல்ற ஆளுங்களை நான் வேலைல பாத்திருக்கேன்.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச இடம், லேப். எக்ஸ்பெரிமெண்டல் சைக்காலஜி ப்ராக்டிக்கல்ஸ்.

கெமிஸ்ட்ரி லேப் மாதிரி நாத்தம், புகை எதுவும் இருக்காது. ஒரு ரூம், மர மேஜை, பீரோ ஃபுல்லா மரப்பெட்டிங்க. ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு விடுவாங்க, ஒருத்தர் எக்ஸ்பெரிமெண்டர், ஒருத்தர் சப்ஜெக்ட். உதாரணத்துக்கு மிரர் டிராயிங். ஒரு பேப்பர்ல ரெட்டை கோட்டுல நட்சத்திரம் போட்டிருக்கும், அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சிலை ஓட்டிக்கிட்டு ஒரு சுத்து வரணும், அவ்ளோதான். ஆனா உங்க கைக்கு மேல ஒரு தகடு மறைச்சிருக்கும், எதிர்ல இருக்கற கண்ணாடியைப் பாத்துதான் வரையணும். நேர் கோட்டுல கூட ஓரளவு போயிடலாம், முனைக்கு வந்து திரும்பணும்ல, அங்க கை அப்படியே நின்னுடும். மேல போகணும்னு மூளை சொல்லுது, பென்சில் கீழ வருது, திருத்தறேன்னு இன்னும் தப்பான பக்கம் போகுது, கோடு நடுங்கி நடுங்கி ஒரே இடத்துல பூச்சி மாதிரி சுத்துது, எதிர்ல ஃப்ரெண்டு ஸ்டாப்வாட்ச்சோட விழுந்து விழுந்து சிரிக்கறா. முதல்ல இடது கையால ஒரு தடவை, அப்புறம் வலது கையால திரும்ப திரும்ப பழகணும், கடைசில மறுபடி இடது கை. பழக்கம் குடுத்தது வலது கைக்கு, ஆனா இடது கையும் தானா தேறியிருக்கும். இதுக்கு பைலேட்டரல் டிரான்ஸ்ஃபர்னு பேரு. டைம், எர்ரர் எல்லாம் டேபிள் போட்டு, கிராஃப் போட்டு, ரெக்கார்ட் நோட்டுல எழுதி மேடம்கிட்ட கையெழுத்து வாங்கணும்.

இதுல என்ன இருக்குன்னு தோணும். எனக்கும் தோணுச்சு, மெமரி பாடம் வர வரைக்கும். எச்.எம்.னு ஒரு பேஷண்ட், அமெரிக்காக்காரர், வலிப்பு நோய்க்காக 1953ல ஆபரேஷன் பண்ணி மூளைல ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதில பெரும்பங்கை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் புதுசா எதுவும் அவர் நினைவுல தங்கல, இப்ப பேசிட்டு போன ஆளை கொஞ்ச நேரத்துல மறந்துடுவாரு. ப்ரெண்டா மில்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் அவருக்கு கொடுத்தது இதே நட்சத்திரம், இதே கண்ணாடி. மூணு நாள் தொடர்ந்து பண்ண வச்சாங்க. நாளுக்கு நாள் தப்பு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, ஆனா ஒவ்வொரு நாளும் அவருக்கு இதை முன்னாடி பண்ண ஞாபகமே இல்ல. கை கத்துக்கிச்சு, ஆளுக்கு தெரியல. நினைவுங்கறது ஒரே ஒரு சாமான் கிடையாது, அதுல பல வகை இருக்குன்னு இதை வச்சுத்தான் உறுதியாச்சு. 2008ல அவர் இறந்தப்புறம்தான் ஹென்றி மொலைசன்ங்கற முழுப் பேரே வெளில வந்துச்சு. அன்னைக்கு க்ளாஸ்ல, நம்ம லேப் பீரோல தூசி படிஞ்சு கிடக்கற அந்த தகரப் பெட்டியா இவ்ளோ பெரிய விஷயத்தை கண்டுபிடிச்சுதுன்னு நானும் என் பக்கத்து சீட்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். முல்லர் லையர் இல்யூஷன், அதான் அம்புக்குறி உள்பக்கமா வெளிபக்கமா இருக்கற ரெண்டு கோடு, சமமா இருந்தாலும் ஒண்ணு பெருசா தெரியும்ல, அது. லேப்ல மரப்பலகைல தள்ளி தள்ளி அளவு எடுப்பீங்க. இந்த மாதிரி டெஸ்டை ரிவர்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1901-02ல நம்ம நீலகிரிக்கு வந்து தோடர்கள்கிட்ட பண்ணி பாத்திருக்காரு, இங்கிலீஷ்காரங்க அளவுக்கு அவங்க ஏமாறலைன்னு 1905ல எழுதியும் இருக்காரு. கண் பாக்கறது கூட ஊருக்கு ஊரு மாறுமான்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஊட்டி மலைல கேட்ட கேள்வி இது. எங்க க்ளாஸ்ல இதை யாரும் சொல்லல, பின்னாடி நானா படிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன், அந்த கடுப்பு இன்னும் இருக்கு. ஏன்னா டெக்ஸ்ட்புக்ல வர்ற முக்கால்வாசி ஆராய்ச்சி அமெரிக்க காலேஜ் ஸ்டூடண்ட்ஸை உக்கார வச்சு பண்ணது, அதை மனுஷ குலத்துக்கே பொதுன்னு நாம மனப்பாடம் பண்றோம். விதிவிலக்கும் உண்டு, பாட்டியா பேட்டரின்னு 1955ல வந்த ஐக்யூ டெஸ்ட், எழுதப் படிக்கத் தெரியாத நம்மூர் பசங்களையும் மனசுல வச்சு செஞ்சது, கட்டை அடுக்கறது, படம் சேக்கறதுன்னு போகும், அதை லேப்ல கட்டாயம் தொட்டுப் பாருங்க.

டெக்ஸ்ட்புக்ல இருக்கறது எல்லாம் வேதவாக்கும் இல்ல. 2015ல ஒரு பெரிய க்ரூப் சேந்து, நல்ல ஜர்னல்கள்ல வந்த 100 சைக்காலஜி ஆராய்ச்சியை எடுத்து திரும்ப பண்ணி பாத்தாங்க, அதுல 36 சதவீதம்தான் மறுபடி தேறுச்சு. ஸ்டான்ஃபோர்ட் சிறை எக்ஸ்பெரிமெண்ட், 1971, காலேஜ் பசங்களை கைதி, கார்டுன்னு பிரிச்சு போலி சிறைல வச்சது, எல்லா காலேஜ்லயும் மேடம்கள் கதை மாதிரி சொல்லுவாங்க, கார்டா இருந்த பசங்க தானாவே கொடுமைக்காரங்களா மாறிட்டாங்கன்னு. பழைய டேப்பை எல்லாம் எடுத்துப் பாத்தா, கறாரா நடந்துக்கோன்னு அவங்களுக்கு சொல்லியே குடுத்திருக்காங்க. எக்ஸாம்ல புக்குல இருக்கறதை எழுதுங்க, மார்க் முக்கியம், ஆனா மனசுக்குள்ள ஒரு கேள்விக்குறி போட்டு வச்சுக்கோங்க.

அப்நார்மல் சைக்காலஜி செமஸ்டர்ல எல்லாருக்கும் எல்லா வியாதியும் வரும். திங்கக்கிழமை ஓசிடி, புதன்கிழமை பைபோலார், வெள்ளிக்கிழமை ஹாஸ்டல் வார்டனுக்கு நார்சிஸிஸ்டிக் பர்சனாலிட்டின்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. புக்கை முழுசா படிச்சா அடங்கும். டிப்ரஷன்னு சொல்லணும்னா டிஎஸ்எம்-5ங்கற மனநோய் கையேட்டு கணக்குப்படி ஒன்பது அறிகுறில குறைஞ்சது அஞ்சு, ரெண்டு வாரத்துக்கு, அதுல மனசு சோர்வோ எதுலயும் ஆர்வம் இல்லாததோ ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், அதனால தினப்படி வாழ்க்கையும் அடிபட்டிருக்கணும். இன்டர்னல் டெஸ்ட்ல ஃபெயிலானதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தது இதுல வராது. ஆனா நிஜமாவே ரெண்டு வாரமா எழுந்திரிக்க முடியலைன்னா, சைக்காலஜி படிக்கறோமே நாமளே பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, போய் டாக்டரைப் பாருங்க. 14416க்கு போன் போட்டா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

எங்களை ஒரு தடவை கீழ்ப்பாக்கம் கூட்டிட்டு போனாங்க, மனநல மருத்துவமனைக்கு. 1794ல ஆரம்பிச்சது, நாட்டுலயே ரொம்ப பழசுல ஒண்ணு. "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு காமெடி பாத்து வளந்தவங்கதானே நாம, பஸ்ல போகும்போது கூட பசங்க அதையே சொல்லி சிரிச்சிட்டு வந்தாங்க. ஓபில போய் நின்னா, சட்டை இன் பண்ணி கைல டிபன் பாக்ஸோட ஒரு அண்ணன் மாத்திரை வாங்க வரிசைல நிக்கறாரு, ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு வாட்ச்சை பாத்துக்கிட்டே. ஒரு அம்மா டாக்டர்கிட்ட தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கால் எரிச்சல்னு உடம்புக் கதையா சொல்லிட்டே போறாங்க, தூக்கம் எப்படி இருக்கும்மான்னு கேட்டதுக்கப்புறம்தான் பையன் போய் சேந்த கதை வெளில வருது. "எனக்கு டிப்ரஷன்"னு ஒருத்தர் கூட சொல்லல. ரிட்டர்ன் பஸ்ல யாரும் அந்த ஜோக்கை எடுக்கல.

கடைசியா வேலை. இதுலதான் நிறைய பேரு வாங்கிக் கட்டிக்கிறாங்க. பிஎஸ்சி இல்ல, எம்எஸ்சி முடிச்சாலும் நீங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்க முடியாது. அதுக்கு ஆர்சிஐ, அதாவது ரீஹாபிலிடேஷன் கவுன்சில், அங்கீகாரம் கொடுத்த கோர்ஸ் முடிச்சு ரெஜிஸ்டர் பண்ணணும். இவ்ளோ நாளா அது ரெண்டு வருஷ எம்ஃபில், ஆஸ்பத்திரிலயே கிடந்து பண்ணணும், பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி இடத்துல எல்லாம் சீட்டு கைவிரல் விட்டு எண்ற மாதிரி, என்ட்ரன்ஸ் அடிதடி. இப்போ எம்ஃபில்லையே யூஜிசி நிறுத்திட்டாங்க, கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் ரெண்டுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க, எம்ஃபில்லுக்கு பதிலா ஆர்சிஐ வேற கோர்ஸ்கள் கொண்டு வந்துட்டு இருக்கு. மாத்திரை எழுதறது சைக்கியாட்ரிஸ்ட், அது எம்பிபிஎஸ் ரூட், நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, இதை வீட்ல அப்பா அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, இல்லைன்னா "எம் பொண்ணு டாக்டருக்கு படிக்கறா"ன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிடுவாங்க.

எல்லாரும் கிளினிக்கல்தான் போகணும்னும் இல்ல. என் பேட்ச்ல எச்ஆர் போனவங்க நிறைய, ஸ்பெஷல் எஜுகேஷன் பக்கம் போனவங்க இருக்காங்க, ஐடி கம்பெனில யூஎக்ஸ் ரிசர்ச், அதாவது ஆப், வெப்சைட்டை ஜனங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு ஆராயற வேலை, பண்றவ ஒருத்தி இருக்கா, எங்க எல்லாரையும் விட சம்பளம் அவளுக்குத்தான், அவளுக்கு அங்க சோறு போடறது அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர். யூபிஎஸ்சிக்கு ஆப்ஷனலா வச்சு படிக்கறவங்களும் உண்டு. ஸ்கூல் கவுன்சிலர் வேலை எனக்கு பிடிச்சிருக்கு, ஆனா சம்பளத்தைக் கேட்டா நீங்க எனக்கு கவுன்சிலிங் கொடுக்க ஆரம்பிச்சிடுவீங்க. வார இறுதி சர்டிஃபிகேட் கோர்ஸ் ஒண்ணு முடிச்சிட்டு கவுன்சிலர்னு போர்டு மாட்டறவங்க தெருவுக்கு தெரு இருக்காங்க, அந்த மாதிரி கோர்ஸுக்கு காசு கட்டாதீங்க.

வேலைக்கு போய்க்கிட்டே தொலைதூரக் கல்வில எம்எஸ்சி பண்ணலாமான்னும் ரெண்டு மூணு அக்காங்க கேட்டிருந்தீங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து சைக்காலஜியை தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யூஜிசி சொல்லிட்டாங்க. அதனால எந்த இன்ஸ்டிடியூட்காரர் போன் பண்ணி "சீட்டு கன்ஃபார்ம் மேடம்"னு சொன்னாலும் யூஜிசி சைட்ல பாருங்க, கிளினிக்கல் கோர்ஸ்னா ஆர்சிஐ சைட்ல காலேஜ் பேரு இருக்கான்னு பாருங்க, ஃபீஸ் அதுக்கப்புறம் கட்டுங்க. ரெகுலர்ல சேரப் போறவங்க அப்ளிகேஷன் வாங்கற அன்னைக்கே டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு எட்டு போய், லேப் எங்க இருக்கு, பாக்கலாமான்னு கேளுங்க. சில காலேஜ்ல பீரோ சாவி யார்கிட்ட இருக்குன்னே அங்க யாருக்கும் தெரியாது, அங்க சேராதீங்க.