கையெழுத்துக்கு முன்னால் குழாயைத் திறந்து பார்த்தேன்

2022இல் எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவர் ஆக்கினார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 87 பிள்ளைகள். குழுவில் 20 பேர், பெரும்பாலும் பெற்றோர். கையெழுத்துப் போடுகிற வேலைதானே என்று தலையாட்டிவிட்டேன்.

31 முதல் 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும். பணம் வந்து சேர்ந்தபோது மார்ச் பிறந்துவிட்டது. தலைமை ஆசிரியை நான்கு வவுச்சர்களை நீட்டினார். ஒன்றிலும் தொகை இல்லை.

"போட்டு வைத்துவிடுங்கள் அம்மா, 31ஆம் தேதி தாண்டினால் பணம் திரும்பிப் போய்விடும்."

அவர் கெட்டவர் இல்லை, அவசரம்தான். ஆனால் என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ரொக்கத்தை எண்ணிச் சிட்டையோடு ஒத்துப் பார்க்காமல் இரவில் விளக்கை அணைக்க மாட்டார். நாலணா உதைத்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"தொகையை எழுதிக் கொண்டு வாருங்கள் டீச்சர், உடனே போடுகிறேன்" என்றேன். இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதினோம். விலைப்புள்ளி வாங்கினோம். அதெல்லாம் சுலபம். பணம் ரொக்கமாகக் கைக்கு வராது, கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கே போகும், அதனால் பில் சரியாக இருந்தாக வேண்டும். குழாய் வேலை செய்தவரோ நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கூலியையும் சாமானையும் ஒன்றாகக் கூட்டி எழுதித் தந்தார். திருப்பி அனுப்பியதும் சாமானுக்குக் கடை பில், கூலிக்குத் தனி ரசீது என்று வந்தன.

கடை பில்லில் நான்கு குழாய். கழிப்பறைப் பக்கம் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்று புதியவை. நான்காவது பழைய பித்தளைக் குழாய், புளி போட்டுத் தேய்த்தது போலப் பளபளவென்று இருந்தது.

"வாஷர் மாற்றியிருக்கிறேன் அக்கா, புதியது மாதிரிதான்."

"அப்படியானால் பில்லில் வாஷர் என்று எழுதி வாங்கி வாருங்கள், தம்பி."

மறுநாள் பில் மாறி வந்தது. டீச்சரும் நானும் கையெழுத்திட்டோம்.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவை நானே எழுந்து படித்தேன். இதுவரை வாய் திறக்காத ஒரு தாய், பெயின்ட் எத்தனை லிட்டர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, இருப்புப் பதிவேட்டைப் புரட்டித்தான் சொன்னேன். மீதி 640 ரூபாய். விளக்குமாறு வாங்கிவிடலாமா என்று டீச்சர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தீர்மானப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.