பூண்டியில் நன்னீர், பழவேற்காட்டில் உவர்நீர்

திருவள்ளூரிலிருந்து பூண்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்கு ஆட்டோக்காரர் ஒருவர் 600 ரூபாய் கேட்டதோடு, "திரும்பும்போது சவாரி கிடைக்காது சார்" என்று நியாயமும் சொன்னார். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. வெயிலில் காத்திருந்து, நெரிசலில் நின்றபடியே பேருந்தில் போனேன். மதியச் சாப்பாட்டுக்கான பணமாவது கையில் மிஞ்சியது.

பூண்டி நீர்த்தேக்கத்தின் கரைமேல் ஏறியதும் அலுப்பெல்லாம் போய்விட்டது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட இந்நீர்த்தேக்கம், சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1943இலேயே மறைந்துவிட்ட அவர் இங்கே நீர் தேங்கியதைக் காணவில்லை என்று எண்ணியபோது மனம் கனத்தது. ஸ்ரீசைலத்திலிருந்து புறப்படும் கிருஷ்ணா நீர், சோமசிலை, கண்டலேறு ஆகிய தேக்கங்களைக் கடந்து, 1996இல் முதன்முறையாக இங்கே வந்து சேர்ந்தது. 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள பூண்டியிலிருந்து அது கால்வாய் வழியே சோழவரம், புழல் ஏரிகளுக்குச் சென்று, பின்னரே சென்னையின் குழாய்களில் வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் நம்மவர்களே கரையில் பிளாஸ்டிக் குவளைகளையும் உடைந்த பாட்டில்களையும் விட்டுச் செல்வதை மன்னிக்கவே முடியாது.

சோழவரத்திலும் புழலிலும் இறங்காமல் பொன்னேரி வழியாக நேரே பழவேற்காட்டுக்குச் சென்றேன். பேருந்துகள் மாறி மாறி இடுப்பு நொந்தாலும், அங்கே ஒரு சிறு கடையில் உண்ட மடவை மீன் குழம்புக்காக மறுபடியும் அந்த அலைச்சலை ஏற்பேன். புளிப்பும் காரமும் மீனின் இனிப்பை அமுக்கவில்லை. கடைக்கார அக்கா, கேட்காமலேயே இரண்டாம் முறை குழம்பு ஊற்றி, இறால் தொக்கும் வைத்தார். எல்லாம் சேர்த்து 150 ரூபாய்தான்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரியே. இங்கே மீனும் இறாலும் பெருகுவது முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து போவதால்தான். மணல் அடைத்து அந்த வாய் தூர்ந்தால் மீனவர்களின் வலை காலியாகும். ஆழமற்ற நீரில் இரை தேடிக் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளையும் அது பாதிக்கும். சாலையை அழகுபடுத்துவதைவிட முகத்துவாரத்தைத் தூர்வாரி வைப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

பூநாரைகளைக் காண விரும்புவோர் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே காலையிலேயே செல்லுங்கள்; இரண்டு இடங்களையும் ஒரே நாளில் அடக்க முயலாதீர்கள், மாலையில் பொன்னேரிப் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும்.