எங்கள் வீட்டு மணி ஐயர்

அப்பா கல்யாண சமையற்காரர். டிவியில் 'மைக்கேல் மதன காம ராஜன்' ஓடினால் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். சாம்பாரில் மீன் விழும் இடத்தில் நாங்கள் கமலைப் பார்ப்போம். அப்பா, டெல்லி கணேஷ் நடித்த சமையற்காரர் பாலக்காட்டு மணி ஐயரை மட்டும்தான் பார்ப்பார். "அடுப்படியில நிக்கிற நிலையைப் பாருடா, நம்ம ஆளு" என்பார்.

டெல்லி கணேஷ் பிறந்தது வல்லநாட்டில். தாமிரபரணிக்காரர் வாயில் பாலக்காட்டுத் தமிழ் அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 1964 முதல் பத்து வருஷம் விமானப்படை, டெல்லியில் நாடகம், 1977ல் பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்'. பிறகு 400 படங்களுக்கு மேல், நடுநடுவே சீரியல்களும். சிரிக்க வைப்பவர் என்று மட்டும் அவரை நினைப்பவர்கள் 'பசி'யில் அந்த ரிக்‌ஷாக்காரரைப் பார்க்க வேண்டும்.

அவர் நகைச்சுவைக்காகத் தனியாக முகத்தைக் கோணியதே இல்லை. கவலையை நிஜமாகவே பட்டார். நமக்குச் சிரிப்பு வந்தது.

2024 நவம்பரில் அவர் போன செய்தி வந்த அன்று, அப்பா அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.