சிங்கவரத்தில் முகம் திருப்பிய பெருமாள்

என் தம்பி 17 ஆண்டு ராணுவ சேவையை முடித்துக்கொண்டு முழு உடம்போடு வீடு வந்து சேர்ந்தால், அவனையே முன்னே நடக்க விட்டு மலையேறி, சிங்கவரம் ரங்கநாதருக்கு வஸ்திரமும் துளசி மாலையும் சாத்தித் தளிகை சமர்ப்பிப்பதாக அம்மா வேண்டிக்கொண்டது 2020 ஜூன் மாதத்தில். கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்த அந்த நாட்களில் தம்பி லடாக்கில் இருந்தான். 11 நாள் அவன் குரலே கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அரை நிமிடம் பேசினான். அன்று மாலையே அம்மா ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாள் படத்தின் பின்னால் வைத்தாள். அந்த முடிச்சை அவிழ்க்கும் நாள் சென்ற ஆண்டு, 2025 அக்டோபர் 4ஆம் தேதி, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையன்றுதான் எங்களுக்கு வாய்த்தது.

குலதெய்வம் வேறாக இருக்க, ஏன் சிங்கவரம் என்று தம்பி மனைவி கேட்டாள். அம்மா பிறந்தது செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். தேசிங்கு ராஜன் கதையைப் பாடக் கேட்டு விடிய விடிய அழுத ஊர் அது. போருக்குப் போகிற பிள்ளை என்றால் அம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது தேசிங்குதான். தேசிங்கு என்றால் அடுத்த நினைவு அவன் கும்பிட்ட சிங்கவரத்துப் பெருமாள். எத்தனையோ பேரைக் காத்த பெருமாள்கள் இருக்க, அந்தப் பிள்ளையைக் காப்பாற்றாத பெருமாளிடமா போய் வேண்டிக்கொண்டாய் என்று 2020இல் நான் அவளிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டிருக்கிறேன். அன்று அவள் பதில் சொல்லவில்லை.

விடியற்காலை 4 மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பி, திண்டிவனத்தில் மேற்கே திரும்பினோம். வெளிச்சம் வந்தபோது பாறை மேல் பாறையாக அடுக்கி வைத்தாற்போன்ற செஞ்சிக் குன்றுகள் கண்ணில் பட்டன. செஞ்சி ஊரைத் தாண்டி வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்துவதற்குள், மேலே பெரிய வரிசை நிற்கிறது, ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால் பக்கவாட்டில் அழைத்துப்போய் நிறுத்துகிறேன் என்று ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன பிறகும் விடவில்லை. அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, பாட்டியால் ஏறவே முடியாது என்று அவள் காதில் விழும்படியே சொன்னார். பெருமாளைப் பார்க்க வருகிறவர்களின் தளர்ச்சியை விலை பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. படிகளில் கூட்டமும் அப்படித்தான்: ஏறுகிறவர்களை இறங்குகிறவர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், மடித்து எறிந்த காகிதக் குவளைகள் காலில் மிதிபட்டன, குரங்குகள் பூக்கூடையின் மேல் பாய்ந்தன. அம்மாவுக்கு 72 வயது. தம்பி முன்னால் நடக்க வேண்டும் என்பது நேர்த்தி. ஆனால் அவள் கையைப் பிடிக்காமல் அவனால் முன்னே போகவும் முடியவில்லை. ஆகவே அவன் ஒரு படி முன்னே ஏறித் திரும்பி நின்று இரண்டு கைகளையும் நீட்டுவான், அவள் பிடித்துக்கொண்டு ஏறுவாள், அவன் அடுத்த படிக்குப் போவான். அத்தனை படிகளும் அவ்வாறே ஏறினோம். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தபோதுகூடத் திரும்பிவிடலாம் என்று அவள் வாயில் வரவில்லை.

சன்னதியைப் பற்றி நான் என்ன எழுதுவது! பல்லவர் காலத்துக் குடைவரை. பாறையைக் குடைந்தபோதே பெருமாளையும் அந்தப் பாறையிலேயே வடித்துவிட்டார்கள். 24 அடி நீளத்துக்கு அரவணையில் பள்ளிகொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய திருமேனி அந்தச் சிறிய குகைக்குள் எப்படிக் கிடக்கிறது என்ற திகைப்பு அடங்குவதற்குள், பட்டர் தீபத்தைத் திருவடியில் காட்டி, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோய், திருமுகத்தருகே நிறுத்தினார். நிறுத்திவிட்டு, அங்கே எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார்: "திருமுகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது பாருங்கள். ராஜா தேசிங்கு யுத்தத்துக்கு உத்தரவு கேட்டு வந்தபோது, இன்று போகாதே என்று பெருமாள் திரும்பிக்கொண்டார்."

தேசிங்கு நம் ஊர் ராஜா அல்லன். பண்டேலா ராஜபுத்திரன், தேஜ் சிங் என்ற பெயர்தான் நம் மக்கள் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் மராத்தியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்த பிறகு, கோட்டையும் நாடும் தேஜ் சிங்கின் தந்தை ஸ்வரூப் சிங்கின் பொறுப்பில் வந்தன. 1714இல் தந்தை இறந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், பல ஆண்டுக் கப்பப் பாக்கியைக் கேட்டார். இது எனக்கு உரிமையான நாடு, கொடுக்க மாட்டேன் என்றான் பிள்ளை. வயது 22. பாளையக்காரர்கள் துணைக்கு வரவில்லை. நவாபின் பெரும்படைக்கு எதிரே இவனிடம் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு முகமது கான் என்ற தோழன் குதிரையேறி வந்து சேர்ந்தான் என்று கதை பாடும். 1714 அக்டோபர் 3ஆம் தேதி இருவரும் களத்தில் மாண்டார்கள். ஓராண்டுகூட நிறையாத ஆட்சி. அதற்குள் இந்த மண் அவனைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது; முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடியும் ஆறவில்லை. வடக்கிலிருந்து வந்த அந்தப் பிள்ளை போருக்கு முன் வந்து நின்ற இடத்தில்தான், வடக்கே காவல் காத்துத் திரும்பிய என் தம்பி துளசி மாலையோடு நின்றான்.

பட்டர் சொல்லி முடித்ததும் அம்மா, யாருக்கும் கேட்காத குரலில், ஆனால் அவரைப் பார்த்தே சொன்னாள்: "சாமி, கோபத்துல திரும்பினார்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. போற புள்ளையப் பாக்க முடியாம திரும்பிக்கிட்டார்."

பட்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுப்பதையும் பொருட்படுத்தாமல், தீபத்தை மறுபடியும் திருமுகத்தருகே தூக்கிப் பிடித்தார்.

எனக்கு 2008ஆம் ஆண்டு நினைவு வந்தது. தம்பி முதன்முதலில் பட்டாளத்துக்குக் கிளம்பிய இரவு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று அவன் "அம்மா, போயிட்டு வரேன்" என்று இரண்டு முறை கூப்பிட்டான். அம்மா வரவில்லை. பின்கட்டில், நிறைந்து வழிகிற குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். அவள் சொன்னதைக் கேட்காமல் ராணுவத்தில் சேர்ந்ததால் கோபம் என்று நானும் அப்பாவும் நினைத்தோம்; தம்பியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ரயிலேறினான், வெகுநாள் அந்த வருத்தத்தைச் சுமந்தான். 17 ஆண்டுக்குப் பிறகு, அந்தத் தீப ஒளியில், திரும்பிய திருமுகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, பேசாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பெருமாளே, எங்கள் பிள்ளையை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாய். அவன் தாயையும் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாய். இதற்கு முன் வாழ்நாளில் நான் கேட்ட எதுவும் எனக்கு அப்போது நினைவில் இல்லை. தீர்த்தம் வாங்கினேனா, சடாரி சாத்தினார்களா, எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்க முயன்று பட்டரிடம் திட்டு வாங்கினார் என்று பிறகு தம்பி மனைவி சொன்னாள்; எனக்கு அதுவும் காதில் விழவில்லை. மாலை சாத்தினார்கள். வஸ்திரம் சாத்தினார்கள். மஞ்சள் முடிச்சைத் தம்பியே அவிழ்த்து உண்டியலில் போட்டான்.

ரங்கநாயகித் தாயாரைச் சேவித்துவிட்டு, அங்கேயே கொற்றவையையும் தரிசித்தோம். களத்துக்குப் போகிறவர்களின் தெய்வம் பெருமாள் மலையிலேயே இருப்பது எனக்கு அன்று ஏதோ சொல்லிவைத்த மாதிரிப் பட்டது. புளியோதரையும் தயிர் சாதமும் விநியோகித்தோம். கீழே எங்களைத் தொந்தரவு செய்த அந்த மனிதரும் வந்து கை நீட்டினார். அம்மா அவருக்கு இரண்டு முறை அள்ளி வைத்தாள்.

இறங்கியதும் வீடு திரும்பிவிடலாம் என்று இருந்தோம். அம்மாதான் கோட்டைக்குப் போக வேண்டும் என்றாள். மராத்தியரின் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியையும் யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்ததால், ராஜகிரி அடிவாரத்தில் நல்ல கூட்டம். கல்யாண மகாலையும் குதிரை லாயங்களையும் பார்க்க எல்லோரும் போக, நாங்கள் செட்டிகுளத்துக்குப் போனோம். தேசிங்குக்குச் சிதை மூட்டியதும், அவன் இளம் மனைவி ராணிபாய் அதில் இறங்கியதும் இந்தக் குளக்கரையில்தான் என்று சொல்கிறார்கள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற பெயரே வந்தது, அதை வைத்தவரும் வென்ற நவாப்தான் என்பார்கள். அவர் வெற்றிக்குப் பின் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது.

அம்மா கரையில் உட்கார்ந்து, பிரசாதத் துளசியில் பாதியைப் பிரித்துத் தண்ணீரில் விட்டாள். "அந்தப் புள்ளையோட அம்மா எந்த ஊர்ல உக்காந்து காத்திருந்தாளோ" என்றாள். மீதித் துளசியைத் தலைப்பில் முடிந்துகொண்டு, முகமது கானை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தம்பியிடம் கேட்டாள். கடலி என்ற ஊர்ப் பக்கம் என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பதாக அவன் சொன்னான்.

"கல்யாணத்துலேர்ந்து எழுந்து வந்த புள்ளைடா. அங்கயும் போகணும். இன்னிக்கு இருட்டிடும், அடுத்த புரட்டாசிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். தம்பி சரி என்றான்.