ஹீட் 4கே வட்டு: துப்பாக்கிச் சத்தம் சப்பென்று இருக்கிறதா?

ஹாலிவுட் இயக்குநர் மைக்கேல் மான் 1989-ல் தொலைக்காட்சிக்கு எடுத்த 'எல்.ஏ. டேக்டவுன்' கதையைத்தான் 1995-ல் 'ஹீட்' என்று மறுபடி எடுத்தார். அதன் 4கே வட்டு 2022-ல் வந்தது. படத்தின் உயிரே லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் நடக்கும் அந்தத் துப்பாக்கிச் சண்டைதான். படப்பிடிப்பில் பதிவான வெற்றுத் தோட்டாச் சத்தத்தையே மான் வைத்துக்கொண்டார். கட்டடங்களில் மோதித் திரும்பும் அந்த எதிரொலியை ஸ்டூடியோவில் கொண்டுவர முடியாது.

வீட்டில் அது சப்பென்று கேட்டால் முதலில் ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் பெட்டி) 'நைட் மோட்' ஓடுகிறதா என்று பாருங்கள். மெல்லிய ஒலியை ஏற்றி, பெரிய ஒலியை அமுக்கும் வசதி அது. இந்தக் காட்சியைக் கொன்றேவிடும். வசனம் கேட்கவில்லை என்றால் நடு ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் கூட்டுங்கள், போதும்.

படம் வெளிறித் தெரிந்தால் டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கான 'என்ஹான்ஸ்டு' அமைப்பைப் போடுங்கள். அது இல்லாமல் பல டிவிகளில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் துல்லியமாகக் காட்டும் முறை) வராது. பிளேயரில் நொடிக்கு 24 பிரேம் வெளியீடு, டிவியில் மோஷன் ஸ்மூத்திங் (இடையில் புதுப் பிரேம்களைச் செருகும் வசதி) ஆஃப். இல்லையென்றால் சீரியல் மாதிரி வழுக்கும்.

4கே வட்டுக்கு ரீஜன் பூட்டு (ஒரு பகுதி நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடும் தடை) கிடையாது. கூட வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். இந்தியா ரீஜன் சி, அமெரிக்கா ஏ.

பழைய 'பால்' (PAL, நொடிக்கு 25 பிரேம் ஓடும் டிவி முறை) டிவிடி வைத்திருப்பவர்களுக்கு: 170 நிமிடப் படம் அதில் 163 நிமிடத்தில் முடியும். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை, 24 பிரேமை 25 ஆக ஓட்டுகிறார்கள்.