ஆயிரத்து மூன்று

ஜூலை 16, 2025, புதன்

1013 என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். எந்த எண்ணும் கலங்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

முழுசாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு மனசு வேறு மாதிரி சொல்ல ஆரம்பிக்கும். எந்த ஊர் என்பது வேண்டாம். கடலோரம், காலை 5.10, விமானத்தை இறக்கப் போகிறோம், நான் கோ-பைலட், தொடர்ந்து மூன்றாவது இரவு டூட்டி. விமான நிலையத்தின் வானிலை அறிவிப்பான ஏட்டிஸில் க்யூஎன்எச் 1003, அதாவது இறங்கும்போது உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் கரையோரம் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் மேலே இரவு முழுக்க எல்லோருக்கும் பொதுவான 1013 வைத்துத்தான் பறக்கிறோம். கண்ணுக்குப் பழகிய எண் கைக்கு வந்துவிட்டது. நான் எழுதிச் சொன்னதை வைத்து கேப்டன் சார் அவர் பக்க உயரமானியைத் திருப்பினார், நான் என் பக்கம்.

அதோடு நின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இறங்க அனுமதி கொடுக்கும்போது கன்ட்ரோலர் மறுபடியும் 1003 என்றார். நானும் 1003 என்று திருப்பிச் சொன்னேன். வாய் சரியாகச் சொல்லிவிட்டது, கை மடியிலேயே கிடந்தது. திருகு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சார் காதிலும் விழுந்தது, அவருக்கும் உறைக்கவில்லை.

ஐஎல்எஸ் என்றால் தரையிலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து இறங்குவோம், உயரமானி தப்பாக இருந்தாலும் பாதை தப்பாது. அன்றைக்கு செயற்கைக்கோள் வழிகாட்டும் ஆர்என்பி அப்ரோச். எவ்வளவு தாழ இறங்குகிறோம் என்பது உயரமானியை நம்பித்தான். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் தப்பினால் உயரம் சுமார் 28 அடி தப்பும், பத்துக்கு 280. அவ்வளவு தாழ்ந்து வந்துகொண்டிருந்தோம், திரையில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தது.

தரைக்கு உள்ள தூரத்தை நேராக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 2500 என்று குரல் கொடுத்தபோது திரையில் 2800-க்கு மேல். சார்தான் பார்த்தார். "ஏம்மா, க்யூஎன்எச் என்ன குடுத்தாங்க?"

"1003 சார்."

சொன்ன பிறகுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் 1013. சார் வேறெதுவும் பேசாமல் கோ அரவுண்ட் போனார், இறங்காமல் மறுபடி மேலே.

ஜூலை 18, வெள்ளி

கேஸை மூடினேனா என்று நாலு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஜூலை 19, சனி

விசாரணை முடியும்வரை ரோஸ்டரில் என் பெயர் இல்லை. தூங்கலாம். விடியற்காலை மூன்றுக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். ஆவணியில் கிரகப்பிரவேசமாம்.

ஜூலை 20, ஞாயிறு

அந்த இரவு டூட்டிக்கு முன்னால், குடித்திருக்கிறோமா என்று பார்க்கும் பிஏ டெஸ்ட் குழாயில் ஊதினேன். 0.000. முந்தின இரவு பறந்துவிட்டு வந்து காலை பத்துக்குப் படுத்தேன், பன்னிரண்டரைக்கு அந்த டைல்ஸ் மெஷின் எழுப்பிவிட்டது. அதிலிருந்து 5.10 வரை எண்ணினால் கிட்டத்தட்ட 17 மணி நேரம் முழித்திருக்கிறேன். 17 மணி நேரம் தூங்காதவரின் கவனம் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல ஆகிவிடும் என்று பயிற்சி வகுப்பிலேயே படித்தோம். அதை அளக்கக் குழாய் இல்லை.

அகமதாபாத்தில் விமானம் விழுந்த ஜூன் 12-க்குப் பிறகு அம்மா நான் தரையிறங்கி மெசேஜ் போடும்வரை படுப்பதில்லை. இப்போது நான் வீட்டில்தான் இருக்கிறேன், அப்படியும் தூங்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

1003. 1003. 1003.

ஜூலை 22, செவ்வாய்

சார் போன் பண்ணினார். "நானும் கேட்டிருக்கணும்மா. ரெண்டு பேரும்தான் விட்டோம்." குரல் கம்மியிருந்தது. அவருக்கும் மூன்றாவது இரவு.

2022 மே மாதம் பாரிஸில் இதே ஏ320 விமானம், இதே பத்து வித்தியாசம். 1001-ஐ கன்ட்ரோலர் 1011 என்று சொல்லிவிட்டார். மழையில் ரன்வேக்கு முன்னாலேயே தரைக்கு 6 அடி வரை வந்து மேலே ஏறினார்கள். அவர்களுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்தார்கள். எனக்குச் சரியான எண்ணை இரண்டு தடவை கொடுத்தார்கள்.

ஜூலை 23, புதன்

களைப்பு என்றாலே எல்லோரும் மங்களூர் விமான விபத்தைச் சொல்வார்கள். 2010, கேப்டனின் குறட்டை காக்பிட் ரெக்கார்டரில் பதிவாகியிருந்தது, 158 பேர் போனார்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் பயந்துகொண்டிருந்தேன், தூங்கிவிடுவேனோ என்று. அன்றைக்கு எனக்குக் கண்கூடச் சொக்கவில்லை. காபி குடித்தேன், செக்லிஸ்டுக்குப் பதில் சொன்னேன், பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை. முழித்துக்கொண்டிருந்தேன். எது நம்மை விட்டுப் போகிறது என்று நமக்கே தெரியாமல் போவதை விசாரணைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தம்பி அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கடற்கரைக்குப் போயிருக்கிறான்.

படிவம் முன்னால் இருக்கிறது. 'கடந்த 72 மணி நேரத்தில் தூங்கிய நேரம்.' ரோஸ்டரில் ஒவ்வொரு பகலும் 13 மணி நேர ஓய்வு. தோழி, ஓய்வு போதுமானது என்று எழுதிவிடுடி, இல்லாவிட்டால் மெடிக்கலுக்கு அனுப்பி உட்கார வைத்துவிடுவார்கள் என்கிறாள். களைப்பைச் சொன்னவர் மேல் நடவடிக்கை கூடாது என்று விதியே இருக்கிறது என்றேன். அவள் பதில் பேசவில்லை.

இந்த மாதத்திலிருந்து விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆகியிருக்கிறது. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைவது நவம்பர் 1-இல். இன்னும் 100 நாள்.

எழுதிவிட்டேன். 4, 3, இரண்டரை.

ஜூலை 25, வெள்ளி

பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள், யூனிஃபார்மில் போகக்கூடாதாம்.