அரசியின் மடியில் குழந்தை எதற்கு?

1783-ல் பாரிஸில் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் மாட்டியிருந்த ஒரு படத்தை, சனங்கள் போட்ட கூச்சலில் கழற்ற வேண்டியதாகிவிட்டது. பிரான்ஸ் அரசி மேரி அன்டோனெட்டின் படம். வெள்ளை மஸ்லின் உடை, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ரோஜா, நகை எதுவும் கிடையாது. அவ்வளவுதான். வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன். அரசியும் அவரும் பிறந்தது ஒரே வருடம், 1755.

அரசி உள்பாவாடையோடு நிற்கிறாள் என்று ஊரே பேசியது. நம் நாட்டு லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் இருக்க இவள் பருத்தி உடுத்துகிறாளே என்ற கோபம் வேறு. சரியென்று ஓவியர் அதே கோலத்தில், அதே ரோஜாவோடு, ஆனால் நீலச்சாம்பல் பட்டும் லேசும் முத்துமாலையும் போட்டு இன்னொன்று வரைந்து கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முகமும் பெண்ணும் அதே, மாறியதெல்லாம் மற்றவர்கள் கேட்டதுதான்.

எனக்கு இதைவிட வலிப்பது 1787-ல் அதே ஓவியர் வரைந்த குடும்பப் படம். அதற்குள், அரசியின் பெயரைச் சொல்லி ஒரு விலையுயர்ந்த வைர நெக்லஸை ஏமாற்றி வாங்கிய மோசடி வெடித்து, அரசிக்கு அதில் பங்கே இல்லாவிட்டாலும் பெயர் நாறிவிட்டது. ஊதாரி, நல்ல தாய் இல்லை என்று ஏச்சு. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் படம்: சிவப்பு வெல்வெட் உடையில் அரசி, மடியில் கைக்குழந்தை, தோளில் சாய்ந்து அண்ணாந்து பார்க்கும் மகள், நகைப்பெட்டி வைக்கும் பெரிய அலமாரி பின்னால் இருட்டில். என் பிள்ளைகள்தான் என் நகை என்று ஒரு பெண்ணைச் சொல்ல வைப்பதற்கான ஏற்பாடு அது. மூத்த மகன் தொட்டிலைச் சுட்டிக் காட்டுகிறான், தொட்டில் காலி. ஒரு வயது நிரம்பாத சோஃபி அந்த ஜூன் மாதம்தான் இறந்திருந்தாள். குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தைக்கூட, பாருங்கள் நானும் தாய்தான் என்று சாட்சியாக நிறுத்த வேண்டியிருந்திருக்கிறது.

அப்படியும் எடுபடவில்லை. மக்கள் என்ன செய்வார்களோ என்று பயந்து, அந்த வருடச் சலோனில் முதலில் படமில்லாத வெறும் மரச்சட்டத்தை மட்டும் மாட்டி வைத்தார்கள், அதைக் காட்டி "இதோ நாட்டின் நிதிப் பற்றாக்குறை" என்று சனங்கள் கேலி பேசினார்கள், நாட்டின் கடன் முழுக்க அவள் தலையில்!

இதே காலத்தில் காலே என்ற ஓவியர் வரைந்த அரசன் பதினாறாம் லூயியை, அவள் கணவனை, பாருங்கள். முடிசூட்டு அங்கி, செங்கோல், விறைப்பான நிற்கை. பிள்ளைகள் எங்கே, நீ நல்ல தகப்பனா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் அரசியை வரைந்த விஜே லெ ப்ரன். அதே 1787 கண்காட்சியில் தன் மகள் ஜூலியைக் கட்டிக்கொண்டிருக்கும் தன் படத்தையும் வைத்தார். தூரிகை பிடித்துச் சம்பாதித்த பெண், அரசு ஓவிய அகாடமியில் பெண்களுக்கென்று இருந்த நாலே நாலு இடத்தில் ஒன்றைப் பிடித்தவர், தன்னையும் தாயாகத்தான் காட்டினார், பிரியத்தோடுதான் காட்டினார் என்று நம்புகிறேன். அதிலும் குற்றம் கண்டுபிடித்தார்கள்: சிரிக்கும்போது பல் தெரிகிறதாம்.